பல்பை மாற்றும் முன், தொலைந்த வெளிச்சத்தைத் தேடுங்கள்

கேள்வி: கார் வாங்கிப் பத்து வருடம் ஆகிறது. ஹெட்லைட்டில் எச்4 ஹாலஜன் பல்புதான் இருக்கிறது. இரவில் முன்னால் எதுவுமே சரியாகத் தெரிவதில்லை. எல்இடி பல்பு போடலாமா, 100/90 வாட் (பிரைட்டில் 100, டிம்மில் 90) ஹாலஜன் போதுமா? “அப்படியே சொருகினால் போதும், வயரிங்கைத் தொடவே வேண்டாம்” என்கிறார் கடைக்காரர். நானே மாட்டிக்கொள்ளலாமா?

பதில்: மாட்டிக்கொள்ளலாம், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எதை மாட்டுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கார் புதிதாக இருந்தபோது இதே பல்பில் சாலை தெரிந்ததா? தெரிந்தது என்றால், இடையில் வெளிச்சம் எங்கேயோ தொலைந்திருக்கிறது. முதலில் அதைத் தேடுவோம்.

பெரும்பாலும் முதல் குற்றவாளி ஹெட்லைட்டின் முன்பக்கக் கண்ணாடி. பேச்சுக்குத்தான் கண்ணாடி, இன்றைய கார்களில் அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். மேல்பூச்சு வெயிலில் தேய்ந்ததும் மஞ்சளாகி, வெளிச்சத்தைச் சிதறடிக்கும். 800, 1500, 2000 எண் என்று வரிசையாக நயமான உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து பாலிஷ் போட்டால் பளிச்சென்று ஆகிவிடும். அதோடு நிறுத்தினால் சீக்கிரமே மறுபடி மஞ்சள் ஏறும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் அடித்தே ஆக வேண்டும். உள்ளே ரிஃப்ளெக்டரின் (வெளிச்சத்தை முன்னால் திருப்பும் வளைந்த பரப்பின்) வெள்ளி நிறப் பூச்சு கருத்திருந்தால் தேய்த்துப் பயனில்லை, ஹெட்லைட் செட்டையே மாற்றுங்கள்.

அடுத்தது வயரிங். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. ஹாலஜன் பல்புக்குப் போகும் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். என்ஜின் ஓடும்போது, விளக்கு எரியும்போது, மல்ட்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவிலும், இன்னொன்றைப் பல்புக்கு வரும் லைன் வயரிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவதுதான் வழியில் தொலைந்த வோல்ட். எர்த் பக்கமும், பேட்டரியின் நெகட்டிவிலும் பல்பின் எர்த் வயரிலும் வைத்து, இப்படியே பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு வோல்ட்டைத் தொட்டால், பல்பு மேல் பழி போட வேண்டாம். துருப்பிடித்த எர்த்தைச் சுத்தம் செய்யுங்கள். போதாவிட்டால் ரிலே (சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கி நிறுத்தும் சுவிட்ச்) போடுங்கள். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30ஆம் முனைக்கு ஒரு தடித்த வயர், 87இலிருந்து பல்புக்கு. பழைய ஹெட்லைட் வயர் 86இல், எர்த் 85இல். அந்த ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று இரண்டு ரிலே தேவை. ஒரு எச்சரிக்கை: சில கார்களில், குறிப்பாகப் பல ஜப்பானிய வண்டிகளில், சுவிட்ச் எர்த் பக்கம் வேலை செய்யும். அதற்கான வயரிங் வேறு. தெரியாமல் கை வைக்காதீர்கள்.

இதையெல்லாம் சரிசெய்து, நல்ல 60/55 வாட் பல்பு ஒரு ஜோடி போட்டதுமே ‘இது போதுமே’ என்று பலருக்குத் தோன்றிவிடும். ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள்.

100/90 வாட் பல்பை நான் சிபாரிசு செய்வதில்லை. பிரைட் போட்டால் இரண்டு பல்புக்கும் சேர்த்து 10 ஆம்பியர் போன இடத்தில் 16 ஆம்பியருக்கு மேல் போகும். பழைய சுவிட்சும் பிளாஸ்டிக் ஹோல்டரும் அதைத் தாங்குவதற்குச் செய்தவை அல்ல. ஹோல்டர் உருகி பல்போடு ஒட்டிக்கொள்ளும். ரிலே போட்டாலும் அந்தச் சூடு ரிஃப்ளெக்டர் பூச்சைத் தின்னும்.

சரி, எல்இடி? எச்4 பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு. டிம் இழைக்கு அடியில் குட்டிக் கிண்ணம் போல ஒரு தகடு இருக்கும். அது கீழ்ப்பாதி ரிஃப்ளெக்டருக்கு வெளிச்சம் போகாமல் மறைப்பதால்தான் டிம்மில் மேல்விளிம்பு வெட்டினாற்போல நிற்கிறது. ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த மெல்லிய இழை இருக்கும் இடத்தைக் கணக்கு வைத்துச் செய்தது. எல்இடி பல்பில் அந்த இடத்தில் ஒரு தகடும், அதன் இருபுறமும் ஒட்டிய சிப்புகளும்தான். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் குத்தும். உங்களுக்கோ காருக்கு முன்னால் சில மீட்டர் வெள்ளை வெளேரென்று இருக்கும். பக்கத்தில் அவ்வளவு வெளிச்சம் இருந்தால் கண்மணி சுருங்கி, தூரத்தில் இருப்பது இன்னும் இருட்டாகும். ‘அட்டகாசமாகத் தெரிகிறது’ என்று சொல்பவர்களில் பாதிப் பேர் இந்தப் பக்கத்து வெளிச்சத்தில் ஏமாந்தவர்கள்தான். ஹாலஜன் செட்டில் எல்இடி சொருகுவது பல நாடுகளில் சட்டப்படியும் செல்லாது. ‘வயரிங்கைத் தொட வேண்டாம்’ என்பதும் முழு உண்மை இல்லை. மின்சாரம் குறைவாக இழுப்பதால், சில கார்கள் பல்பு போய்விட்டது என்று நினைத்து எச்சரிக்கை காட்டும், அல்லது விளக்கு படபடக்கும்.

எல்இடிதான் வேண்டும் என்றால், எல்இடிக்காகவே வடிவமைத்த முழு ப்ரொஜெக்டர் செட்டாக வாங்குங்கள். வட்டத்துக்குள் ‘E’ என்ற ஆங்கில எழுத்து முத்திரை போன்ற அங்கீகாரக் குறி இருக்கிறதா பாருங்கள். உங்கள் சாலையில் வண்டிகள் எந்தப் பக்கம் போகின்றனவோ, அந்தப் பக்கத்துக்கான செட்டா என்று கேளுங்கள். டிம்மின் மேல்விளிம்பு சாலை ஓரப் பக்கம் சற்று உயர்ந்திருக்கும்; மாற்றி வாங்கினால் அந்த உயரும் முனை நேரே எதிர்வண்டியின் மேல் போய் விழும். நிறம் 4300 கெல்வின் பக்கத்தில் இருந்தால் நல்லது. 6000ஐத் தாண்டிய நீலம் பார்க்க அழகு, மழையில் உதவாது.

மாட்டுவது சுலபம். விளக்கை அணைத்து, ஆறவிட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஹாலஜன் கண்ணாடியில் விரல் படக் கூடாது. பட்ட எண்ணெய்ப் பசை அந்த இடத்தை மட்டும் அதிகம் சூடாக்கி பல்பின் ஆயுளைக் குறைக்கும். பட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்துவிடுங்கள். பின்பக்க ரப்பர் மூடி முழுதாக உட்கார்ந்ததா பாருங்கள், இல்லாவிட்டால் உள்ளே ஈரம் கோக்கும்.

அப்புறம், கடையில் யாருமே செய்து தராத வேலை ஒன்று: லெவல் வைப்பது. டயர் காற்று சரியாக இருக்கட்டும், டிரைவர் சீட்டில் ஒருவர் உட்காரட்டும், டாஷ்போர்டில் ஹெட்லைட் லெவல் திருகு இருந்தால் பூஜ்யத்தில் வையுங்கள். சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, ஹெட்லைட் நடுப்புள்ளியின் உயரத்தைச் சுவரில் டேப்பால் குறியுங்கள். டிம்மின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்குச் சுமார் 10 செ.மீ. கீழே விழ வேண்டும். காரின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே வையுங்கள். ஒரு விளக்கைத் துணியால் மூடிக்கொண்டு மற்ற ஹெட்லைட்டில் இருக்கும் லெவல் திருகைத் திருப்பினால் குழப்பம் வராது.