ட்ரம்பெட்டின் ரிசீவரை மாற்றினால் சத்தம் திருந்துமா?

மவுத்பீஸைச் செருகும் குழாய்தான் ரிசீவர். உள்ளே மவுத்பீஸ் நுனிக்கும் அடுத்த குழாயின் வாய்க்கும் நடுவே சிறு இடைவெளி இருக்கும். பல ட்ரம்பெட்டுகளில் 3 மி.மீ. அளவு. காலி வீதியில் பஸ் பாலத்து இணைப்பில் குலுங்குமே, அதுபோலக் காற்றின் அதிர்வில் ஒரு பகுதி அங்கே திரும்பிவிடும். இடைவெளி மாறினால் மேல் சுரங்களின் சுருதியும் ஊதும்போது தெரியும் இறுக்கமும் மாறும்.

ரிசீவரை அறுத்து மாற்ற முன் கடதாசியால் சோதியுங்கள். 0.05 மி.மீ. மெல்லிய பில் கடதாசியை நுனியில் ஒரே சுற்றுச் சுற்றினால் மவுத்பீஸ் ஏறத்தாழ 2 மி.மீ. வெளியே வரும், கடதாசி இரு பக்கமும் சேர்ந்து விட்டத்தை 0.1 மி.மீ. கூட்டுவதாலும், நுனியின் சரிவு 20க்கு 1 (20 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. மாறும்) என்பதாலும். ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் மவுத்பீஸ் ஆடும், சோதனையே பாழ். பிக் மெச் எனும் பாடசாலைக் கிரிக்கெட் போட்டிக்குப் பப்பரே பாண்ட் இசை ஊதுகிறவர்கள் முதலில் உள்ளே படிந்த பச்சைக் களிம்பைத் துடையுங்கள்.

இடைவெளியே இல்லாவிட்டால்தான் நல்லது என்பது தவறு. சில கருவிகளில் மேல் சுரங்கள் அப்போதுதான் வழுக்கத் தொடங்கும்.