ஒன்பது பிரிண்டர்களைக் கண்காணிக்க 38,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு விண்டோஸ் சர்வர் வழியாக ஒன்பது பிரிண்டர்கள் இயங்குகின்றன. மாதக் கடைசியில் திடீரென எல்லாமே நின்றுவிடுகின்றன. யாராவது வந்து சொன்னால்தான் எனக்குத் தெரிகிறது. கண்காணிப்பு மென்பொருளுக்கு ஆண்டுக்கு 38,000 ரூபாய் என்று ஒரு விற்பனையாளர் விலை சொல்கிறார். வாங்கலாமா?
- ஈரோடு வாசகர்

பதில்: இப்போது வாங்காதீர்கள். உங்களுக்கு வேண்டியதில் பெரும்பகுதி, சர்வருக்குக் கொடுத்த பணத்திலேயே வந்துவிட்டது.

ஒன்பதும் ஒன்றாக நின்றால் பிரிண்டர்களைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. அச்சு வேலைகளை வரிசையில் வைத்து பிரிண்டருக்கு அனுப்பும் ஸ்பூலர் சேவை நின்றிருக்கும். அல்லது சர்வரின் சி டிரைவில் இடம் தீர்ந்திருக்கும். அல்லது நெட்வொர்க் போயிருக்கும். சர்வீசஸ் திரையில் பிரிண்ட் ஸ்பூலரைத் திறந்து, ரெகவரி பக்கத்தில் உள்ள மூன்று இடங்களிலும் 'ரீஸ்டார்ட்' என்று வையுங்கள். அதற்குப் பிறகும் அடிக்கடி விழுந்தால், பழுதான ஒரு கோப்பு வரிசையில் சிக்கியிருக்கக்கூடும். சேவையை நிறுத்தி, சிஸ்டம்32-க்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும் கோப்புகளை அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். காத்திருக்கும் எல்லோருடைய அச்சும் போய்விடும் என்பதால், ஊழியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது பிரிண்ட் மேனேஜ்மென்ட், எல்லா பிரிண்டர்களையும் ஒரே திரையில் காட்டும் விண்டோஸ் கருவி. அதில் 'பிரிண்டர்ஸ் நாட் ரெடி' என்ற வடிகட்டி தயாராகவே இருக்கிறது. அதற்கு மின்னஞ்சல் அறிவிப்பும் வைக்கலாம். ஆனால் அங்கே கடவுச்சொல் கொடுக்க இடமில்லை. அலுவலகத்துக்கென ஒரு மெயில் சர்வர் இருந்தால்தான் இது எளிதில் நடக்கும். விண்டோஸ் நிகழ்வுகளைப் பதிந்து காட்டும் ஈவென்ட் வியூவரில் பிரிண்ட்சர்வீஸின் ஆபரேஷனல் பதிவு முதலில் அணைந்தே இருக்கும். அதை இயக்கிவிட்டால், 307 என்ற எண்ணுள்ள பதிவுகளில் யார், எந்த பிரிண்டரில், எத்தனை பக்கம் அச்சிட்டார் என்பது தெரியும்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஸ்பூலர் ஓடுகிறது என்பதற்காக பிரிண்டர் தயார் என்று அர்த்தமில்லை. காகிதம் தீர்ந்ததையும் மூடி திறந்திருப்பதையும் பிரிண்டரிடமே எஸ்.என்.எம்.பி. (நெட்வொர்க் கருவிகளிடம் நிலையைக் கேட்கும் முறை) வழியாகக் கேட்டுத்தான் சர்வர் அறிகிறது. பிரிண்டர் தவறாக 'ஆஃப்லைன்' என்று காட்டும்போது, பழுது பார்க்க வருபவர்கள் சர்வரில் அந்த பிரிண்டருக்கான இணைப்பான போர்ட்டின் அமைப்பில் எஸ்.என்.எம்.பி. டிக்கை எடுத்துவிட்டுப் போவதுண்டு. அச்சு வரும், ஆனால் அன்றிலிருந்து சர்வருக்குக் கண் தெரியாது. உங்கள் ஒன்பது போர்ட்டுகளையும் இன்றே திறந்து பாருங்கள். டிக் இல்லாமலிருந்தால், கம்யூனிட்டி பெயர் (எஸ்.என்.எம்.பி.க்கான கடவுச்சொல் போன்றது) பிரிண்டரில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பார்த்து, மறுபடி போடுங்கள்.

மூன்று நான்கு கிளைகள், ஐம்பது பிரிண்டர்கள் என்று வளர்ந்தால் தனி மென்பொருள் தேவைப்படும். அப்போதும் உரிமக் கட்டணம் இல்லாத கண்காணிப்பு மென்பொருளான ஜாபிக்ஸை முதலில் பாருங்கள். நிறுவிப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

விலைக்கு வாங்குவதென்றால் சோதனைக் காலத்தில் மூன்று காரியங்களை நீங்களே செய்யுங்கள்: ஒரு பிரிண்டரின் காகிதத் தட்டை உருவுங்கள், இன்னொன்றின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், மூன்றாவதன் அச்சு வரிசையை 'பாஸ்' (தற்காலிக நிறுத்தம்) செய்யுங்கள். மூன்றுக்கும் எத்தனை நிமிடத்தில் உங்களுக்குத் தகவல் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு வரவில்லை என்றாலும் பணம் கொடுக்காதீர்கள். கட்டணம் பிரிண்டர் கணக்கிலா, சர்வர் கணக்கிலா என்பதையும், இரண்டாம் ஆண்டுப் புதுப்பிப்புத் தொகையையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.