கிங் ஹூவின் மலையில் பேய்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கிங் ஹூ இயக்கிய 'லெஜெண்ட் ஆஃப் தி மவுண்டன்' (1979) படத்தின் தொடக்கத்தில் கதாநாயகன் நடந்துகொண்டே இருக்கிறான். இவ்வளவு நீளம் தேவைதானா?

தேவை என்றே சொல்வேன். போரில் மடிந்த வீரர்களின் ஆவிகள் கரையேறுவதற்காக ஒரு பௌத்த சூத்திரத்தைப் படியெடுக்கும் வேலை அந்த இளைஞனுக்குத் தரப்படுகிறது. அதற்கு அமைதியான இடம் தேடித்தான் அவன் புறப்படுகிறான். பழைய சீன மலை ஓவியங்களில் மனிதன் ஓர் எறும்பளவே இருப்பான் அல்லவா, அப்படியே அருவிக்கும் பாறைக்கும் இடையில் அவன் சிறுத்துக்கொண்டே போகிறான். உயிருள்ளோர் உலகத்தை அவன் எந்த இடத்தில் கடந்தான் என்று நம்மால் விரல் வைத்துக் காட்ட முடியாது. அந்த மயக்கத்தை உண்டாக்கத்தான் இத்தனை நடை.

கேள்வி: இருட்டு, அலறல் எதுவும் இல்லையே? இதில் எங்கே பயம்?

மேளத்தில் இருக்கிறது. விருந்து நடந்த இரவில் நடிகை ஷூ ஃபெங் ஏற்றிருக்கும் பாத்திரமான பெண் மேளம் கொட்டுகிறாள். கேட்டுக்கொண்டிருந்தவன் மயங்கிச் சரிகிறான். விழித்தெழும்போது அவளை மணந்தே ஆக வேண்டிய நிலையில் இருக்கிறான். பின்னர் ஒரு லாமாவுக்கும் (திபெத்திய பௌத்தத் துறவி) அவளுக்கும் நடக்கும் சண்டையிலும் மேளமே ஆயுதம். அடி விழ விழ வண்ணப் புகை வெடிக்கிறது, காட்சித் துண்டுகள் தாளத்தோடு சேர்ந்து குறுகுகின்றன. பெய்ஜிங் இசைநாடகத்தில் தோய்ந்தவர் கிங் ஹூ. அங்கே நடிகரின் ஒவ்வோர் அசைவுக்கும் தாளக்கருவி துணை நிற்கும். புகையைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கும் ஓரிரு இடங்களில் அது அதிகமாகத்தான் பட்டது.

கேள்வி: படம் எடுத்த இடம் சீனாவா?

இல்லை, தென்கொரியா. அதே நடிகர்களில் பலரைக் கொண்டு 'ரெய்னிங் இன் தி மவுண்டன்' படத்தையும் அந்தப் பயணத்திலேயே எடுத்தார்.

கேள்வி: எந்தப் பதிப்பைப் பார்க்கலாம்?

மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் முழுப் பதிப்பை. இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக வெட்டப்பட்டதில் கதை மிஞ்சும், மலை மிஞ்சாது.

கேள்வி: இவருடைய 'எ டச் ஆஃப் ஜென்' படமும் பேய்ப்படம்தானா?

பழைய சீன எழுத்தாளர் பூ சோங்லிங்கின் விந்தைக் கதைத் தொகுப்பிலிருந்து பிறந்தது என்றாலும் அதில் பேயே கிடையாது. இரண்டிலும் ஷி சுன்தான் படித்த இளைஞன், ஷூ ஃபெங்தான் அந்தப் பெண். முந்தைய படமான 'எ டச் ஆஃப் ஜென்'னில், பாழடைந்த வீட்டில் பேய் உலவுவதாக அவன் ஐயுறுகிறான், இருப்பதோ தலைமறைவாக வாழும் மனிதப் பெண். பிந்தைய படத்தில் மனைவி என்று நம்புகிறான், அவளோ பேய். முந்தைய படத்தில் அவனே பொம்மைகளையும் பொறிகளையும் வைத்து, பேய் என்று எதிரிகளை நடுங்கவைக்கிறான். மறுநாள் காலை, அந்தப் பொம்மைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துத் தன் சாமர்த்தியத்தை எண்ணி வாய்விட்டுச் சிரித்தபடி நடக்கிறான். அதன் பிறகுதான் முற்றம் முழுவதும் கிடக்கும் பிணங்கள் அவன் கண்ணில் படுகின்றன.