வயிற்றுத் தமனியில் வீக்கம்: உடனே ஆபரேஷன் வேண்டுமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 66. விசைப்படகில் கடலுக்குப் போகிறார். சிறுநீரகக் கல்லுக்காக ஸ்கேன் எடுத்தபோது, வயிற்றில் பெரிய ரத்தக்குழாய் 4.2 செ.மீ. வீங்கியிருப்பது தெரிந்தது. உடனே ஆபரேஷன் வேண்டுமா? அம்மாவுக்கும் காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது. இரண்டும் ஒரே நோயா?
வாசகர், பாம்பன்

பதில்: ஒரே நோய் அல்ல. அம்மாவுக்குப் புடைத்திருப்பவை சிரைகள், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்கள். அவற்றின் வால்வுகள் தளர்ந்து ரத்தம் தேங்குகிறது. வலியும் புண்ணும் வரலாம்; குழாய் வெடிக்கும் என்ற அப்பாவுக்குள்ள ஆபத்து அதில் இல்லை.

அப்பாவுக்கு வீங்கியிருப்பது பெருந்தமனி. இதயம் தள்ளும் அழுத்தம் முழுவதையும் தாங்கும் குழாய் அது. அதன் இயல்பான அகலம் சுமார் 2 செ.மீ. 3 செ.மீ.யைத் தொட்டால் வீக்கம் என்போம். ஆண்களுக்கு 5.5 செ.மீ.யை எட்டும்போதுதான் பெரும்பாலும் அறுவைசிகிச்சை. வேகமாக வளர்ந்தாலோ வலி இருந்தாலோ அதற்கு முன்பே. எனவே இப்போது அவசரம் இல்லை. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கேன் தவறக்கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் படகு கரையில்தானே நிற்கும், அப்போதே எடுத்துவிடுங்கள்.

ஸ்கேன் அறிக்கையில் வடிவத்தையும் பாருங்கள். குழாய் சுற்றிலும் சீராக விரிந்திருப்பதே அதிகம் காணப்படும் வகை. ஒரு பக்கம் மட்டும் பைபோலப் பிதுங்கியிருந்தால் 5.5 வரை காத்திருக்க மாட்டோம்; மதுரையில் ரத்தநாள அறுவை நிபுணரைச் சீக்கிரம் பாருங்கள். முழங்காலுக்குப் பின்புறமும் இத்தகைய வீக்கம் வரலாம். அது வெடிப்பது அரிது. உள்ளே ரத்தம் உறைந்து காலுக்கு ஓட்டத்தை அடைத்துவிடும். வயிற்றில் வீக்கம் உள்ளவர்களுக்கு அந்த இடத்தையும் பரிசோதிப்பது நல்லது.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன்: அப்பா பீடி பிடிக்கிறாரா? பிடித்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இந்த வீக்கத்தை உண்டாக்குவதிலும் வளர்ப்பதிலும் புகையை மிஞ்சிய எதிரி இல்லை. ரத்த அழுத்த மாத்திரையை விடக்கூடாது. கடற்கரை வீடுகளில் தினமும் தட்டில் விழும் கருவாட்டையும் உப்பையும் குறைக்கத்தான் வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு கனமான வலை இழுக்கும் வேலையை இளையவர்களிடம் விடட்டும். சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மாத்திரைகளை யார் எழுதினாலும், முதலில் இந்த வீக்கத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

திடீரென வயிற்றிலோ முதுகிலோ கடும் வலி, வியர்வை, மயக்கம் வந்தால் கல் வலி என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள்; உடனே 108-ஐ அழையுங்கள். நடுக்கடலில் இது நேர்ந்தால் கரை சேரும்வரை தாங்காது. வீக்கம் 5 செ.மீ.யை நெருங்கினால் அவரைக் கடலுக்கு அனுப்பாதீர்கள்.

அப்பாவுடன் பிறந்தவர்களுக்கும் வயது அறுபதைத் தாண்டியிருந்தால் ஒரு வயிற்று ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். இது குடும்பத்தில் தொடரக்கூடியது.