ஈப்பர் நகரம் போலியா?

கேள்வி: பெல்ஜியம் சென்று திரும்பிய என் தம்பி மகன், ஈப்பர் என்ற சிறு நகரத்தின் பெரிய ஜவுளி மண்டபத்தைப் படம் எடுத்து வந்து, எழுநூறு ஆண்டுப் பழமை என்று வீட்டில் எல்லோரிடமும் காட்டினான். தேடிப் படித்தபோது, முதல் உலகப் போரில் ஊரே தரைமட்டமானது என்றும், அந்த மண்டபம் 1967இல்தான் கட்டி முடிக்கப்பட்டது என்றும் தெரிந்தது. இடிபாடுகளை அப்படியே விட்டிருந்தால் அது வரலாறு. இது வெறும் போலி அல்லவா? போதாக்குறைக்கு, கோபுரத்திலிருந்து பூனைகளை வீசியெறிந்த வழக்கத்தையும் விழாவாகக் கொண்டாடுகிறார்களாம். இதையெல்லாம் பண்பாடு என்று எப்படி ஏற்பது? (வாசகர், திருச்சி)

பதில்: நீங்கள் தேடிப் படித்த செய்தி சரி, அதிலிருந்து நீங்கள் வந்து சேர்ந்த முடிவு தவறு. போலி என்ற சொல், பிறரை ஏமாற்றும் நோக்கத்தோடு செய்யப்பட்ட பொருளுக்கு உரியது. ஈப்பர் நகரத்தார் யாரையும் ஏமாற்றவில்லை. தங்கள் மண்டபம் எந்த நாளில் தீப்பற்றியது, எப்போது மீண்டும் எழுந்தது என்பதை அவர்கள் மறைத்ததே இல்லை. அந்த மண்டபத்துக்குள்ளேயே போர் அருங்காட்சியகம் ஒன்றை அமைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் அந்த அழிவைத்தான் முதலில் காட்டுகிறார்கள்.

முதலில் அந்த மண்டபம் எதற்காக எழுந்தது என்பதைப் பார்ப்போம். 13ஆம் நூற்றாண்டில் கென்ட், புரூஜ் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்பட்ட, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஃபிளாண்டர்ஸ் பகுதியின் மூன்று பெருநகரங்களில் ஈப்பரும் ஒன்று. இங்கிலாந்திலிருந்து ஆட்டு ரோமம் வரும். ஈப்பரின் நெசவாளர்களும் சாயக்காரர்களும் அதைத் துணியாக்குவார்கள். அத்துணி ரஷ்யாவின் நோவ்கொரோது வரை விலைபோனது. நெய்த துணியை அதிகாரிகள் அளந்து, தரம் பார்த்து, ஈய முத்திரை குத்திய பிறகே விற்க முடியும். வாங்குபவன் ஊரின் பெயரை நம்பிப் பணம் கொடுத்தான் என்றால், அதற்கு அந்தச் சிறிய ஈயத்துண்டே காரணம். இவ்வளவு சரக்கையும் வைத்து விற்க, 1304 வாக்கில் நிறைவுபெற்ற அந்த மண்டபம் 125 மீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில், ஏறத்தாழ 70 மீட்டர் உயர மணிக்கோபுரத்தோடு எழுந்தது. அரசனோ பேராயரோ அதைக் கட்டவில்லை. துணி விற்றுப் பிழைத்த ஊர் கட்டியது. ஈப்பர்லே ஆறு அன்று மண்டபத்தை ஒட்டி ஓடியதால் சரக்குப் படகுகள் அதன் அருகிலேயே வந்து நின்றன. அந்த ஆறு இப்போது தெருவுக்கு அடியில் மூடப்பட்டுக் கிடக்கிறது.

அந்தச் செழிப்பு நீடிக்கவில்லை. 1383இல் ஆங்கிலேயப் படை நகரை முற்றுகையிட்டபோது கோட்டைக்குள் இருந்தவர்கள் தப்பினார்கள். ஆனால் நெசவாளர்கள் பெரும்பாலோர் வாழ்ந்த வெளிப் புறநகர்கள் அழிந்தன. அதன்பின் ஈப்பர் பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை. 1914இல் அது ஏறத்தாழ 17,000 பேர் வாழ்ந்த அமைதியான ஊர்.

1914 நவம்பர் 22 அன்று ஜெர்மானியக் குண்டுகள் மண்டபத்தின்மேல் விழுந்தன. அந்நேரத்தில் பழுதுபார்ப்புக்காக மணிக்கோபுரத்தைச் சுற்றி மரச்சாரம் கட்டப்பட்டிருந்தது. கட்டடத்தைக் காப்பதற்காக எழுப்பிய சாரமே தீயை மேலே ஏற்றியது. அன்றைய புகைப்படங்களில் அந்தச் சாரம் தெளிவாகத் தெரிகிறது. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. 1915 ஏப்ரல் 22 அன்று நகருக்கு வடக்கே குளோரின் நச்சுவாயு திறந்துவிடப்பட்டது. 1917இல் இதே போர்முனையில் பயன்பட்ட மற்றொரு நச்சுப்பொருளான கடுகு வாயுவுக்குப் பிரெஞ்சு மொழியில் இந்த ஊரின் பெயரையே சூட்டி ‘இப்பெரிட்’ என்று அழைக்கலானார்கள். போர் முடிந்தபோது, குதிரைமேல் அமர்ந்தவன் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடியைத் தடையின்றிப் பார்க்கலாம் என்று சொல்லும் நிலையில் ஈப்பர் கிடந்தது.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். இடிபாடுகளை அப்படியே விட்டுவிட வேண்டும் என்பது புதிய யோசனை அன்று. 1919 ஜனவரியில், இங்கே ஏராளமான வீரர்களை இழந்திருந்த பிரிட்டனின் அப்போதைய போர்த்துறை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில், நகரின் இடிபாடுகள் முழுவதையும் பிரிட்டன் பெற வேண்டும் என்றும், பிரிட்டிஷ் இனத்துக்கு உலகில் இதைவிடப் புனிதமான இடம் இல்லை என்றும் கூறினார். இது புனித மண், இங்கிருந்து ஒரு கல்லையும் எடுக்கக் கூடாது என்ற அறிவிப்புப் பலகையும் மண்டபத்தின் இடிபாடுகளில் வைக்கப்பட்டது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களின் துயரத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தக் கற்களுக்கு நடுவே தங்கள் வீட்டு வாசற்படியைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் வேறு மனிதர்கள். அகதிகளாகச் சிதறியிருந்த அவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து மரக் குடிசைகளில் குளிர்காலத்தைக் கழித்தார்கள். அவர்களிடம் போய், உங்கள் ஊர் எங்கள் நினைவுச் சின்னம், ஆகவே நீங்கள் வேறிடம் பாருங்கள் என்று எந்த வாயால் சொல்வது? இடிபாடே நேர்மையானது என்று நீங்கள் எழுதும்போது, அந்த ஊரில் குடியிருக்க வேண்டியவர்களைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டீர்கள்.

நகரத்தின் கட்டடக் கலைஞர் யூல் கோமன்ஸ் போருக்கு முன்பே மண்டபத்தின் பராமரிப்பில் ஈடுபட்டிருந்தவர். அதன் அளவுகளையும் வளைவுகளையும் அவர் அறிந்திருந்ததால்தான் மீட்டெடுப்பு சாத்தியமாயிற்று. மணிக்கோபுரம் 1930களில் எழுந்தது. அவர் 1937இல் மறைந்தார். பணி வேறு கைகளுக்கு மாறி, இடையில் இன்னொரு உலகப் போரையும் தாண்டி, 1967இல் நிறைவுற்றது. எஞ்சியிருந்த பழைய சுவர்ப் பகுதிகளையும் புதிய கட்டுமானத்துக்குள் சேர்த்தே எழுப்பினார்கள். குறை சொல்ல வேண்டுமானால் பக்கத்திலுள்ள புனித மார்ட்டின் பேராலயத்தைச் சொல்லுங்கள். போருக்கு முன் இல்லாத உயர்ந்த கூர்முனைக் கோபுரத்தை அங்கே வைத்துவிட்டார்கள். அது மீட்டெடுப்பு அன்று, மிகைப்படுத்தல் என்பதே என் கருத்து. ஜவுளி மண்டபத்தின்மீது அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. 1999இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பெல்ஜிய மணிக்கோபுரங்களுள் ஈப்பருடையதும் ஒன்று.

பூனைகளைப் பற்றிய உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அது இருநூறு ஆண்டுகள் தாமதமாக வந்திருக்கிறது. மண்டபத்தில் குவிந்த ரோமத்தையும் துணியையும் எலிகளிடமிருந்து காக்கப் பூனைகள் வளர்க்கப்பட்டன என்றும், பெருகியவற்றைக் கோபுரத்திலிருந்து எறிந்தார்கள் என்றும் ஒரு விளக்கம் உண்டு. பூனையைச் சூனியத்தோடு இணைத்த அச்சமே காரணம் என்பது இன்னொன்று. எதுவானாலும் கொடுமைதான். உயிருள்ள பூனையை எறிவது 1817உடன் நின்றது. இன்று மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, மே மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று, பூனை வேடமிட்டவர்கள் ஊர்வலம் போக, கோமாளி உடையணிந்த ஒருவர் கோபுரத்திலிருந்து துணியால் செய்த பொம்மைப் பூனைகளை வீசுகிறார். கீழே குழந்தைகள் கைநீட்டிப் பிடிக்கிறார்கள். தன் பழைய கொடுமையை மறைக்காமல், அதன் நஞ்சை எடுத்துவிட்டு நினைவில் வைத்திருப்பதை நான் பண்பாடு என்றே சொல்வேன்.

இன்னொன்றையும் நீங்கள் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. நகரின் கிழக்கு எல்லையில் மேனின் வாயில் என்ற நினைவு வளைவு 1927 ஜூலை 24 அன்று திறக்கப்பட்டது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் பேரரசுக்காகப் போரிட்டு மடிந்து, கல்லறை அறியப்படாத 54,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அதன் சுவர்களில் உள்ளன. அவ்வளவு பெரிய வளைவிலும் இடம் போதாமல், 1917 ஆகஸ்ட் நடுப்பகுதிக்குப் பின் காணாமற்போன ஏறத்தாழ 35,000 பேரின் பெயர்களை அருகிலுள்ள டைன் காட் கல்லறைத் தோட்டத்தில் பொறித்தார்கள். மேனின் வாயிலில் இந்தியப் படையினரின் பெயர்களும் இருக்கின்றன. 1914 அக்டோபரில், ஐரோப்பியக் குளிரை அறியாத இந்திய வீரர்கள் இந்த ஊருக்கருகே போர்முனையில் நிறுத்தப்பட்டார்கள். அம்மாதம் 31ஆம் நாள் ஹோலபேக்கே கிராமத்தில் போரிட்ட குதாதாத் கான், பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற முதல் இந்தியப் படைவீரர் ஆனார்.

அந்த வாயிலின்கீழ் நாள்தோறும் இரவு எட்டு மணிக்குப் போக்குவரத்தை நிறுத்துகிறார்கள். உள்ளூர்த் தீயணைப்புப் படையைச் சார்ந்த ஊதுகொம்புக்காரர்கள் சாலையின் நடுவே வந்து நின்று, ‘லாஸ்ட் போஸ்ட்’ என்ற இறுதி இசையை ஊதுகிறார்கள். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்து, வண்டிகள் மீண்டும் ஓடுகின்றன. 1928இல் தொடங்கிய இந்த வழக்கம் ஜெர்மானிய ஆக்கிரமிப்பால் 1940 மே மாதத்தில் தடைப்பட்டது. 1944 செப்டம்பர் 6 அன்று போலந்துப் படை நகரை மீட்டபோது, ஊரின் வேறு பகுதிகளில் சண்டை ஓயும் முன்பே, அன்று மாலையே அந்த இசை மீண்டும் ஒலித்தது.

உங்கள் தம்பி மகன் மறுபடி அங்கே போவதானால், மண்டபத்தின் மேற்குப் பக்கத்து அடிச்சுவரை அருகில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். தீயையும் குண்டையும் தாங்கிய பழைய கற்கள் கறுத்துத் தேய்ந்து கீழே நிற்கின்றன. அவற்றின்மேல் புதிய கற்கள் வரிசையாக ஏறுகின்றன. பார்த்து முடித்த பின் எட்டு மணிக்குள் மேனின் வாயிலுக்கு நடந்து போய்விடலாம்.