சுண்டுவிரல் மரத்துப்போகிறது… கோளாறு கழுத்திலா, முழங்கையிலா?

கேள்வி: எனக்கு வயது 46. நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறேன். சில மாதங்களாக வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. ராத்திரியில் விழித்துக்கொண்டு கையை உதறுகிறேன். இப்போது வண்டிச் சாவியைத் திருப்பக்கூடப் பிடி போதவில்லை. கழுத்து எலும்புத் தேய்மானம் என்கிறார் ஒருவர். பக்கவாதமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். மெடிக்கலில் மணிக்கட்டு பெல்ட் வாங்கிப் போட்டும் பலனில்லை. சர்க்கரை கிடையாது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் வீட்டில் இருப்பவர்களுக்கு. பக்கவாதம் இப்படி மாதக்கணக்கில் இரண்டே விரலைப் பிடித்துக்கொண்டு இருக்காது. அது திடீரென்று வரும். வாய் ஒரு பக்கம் கோணும், பேச்சு குழறும், கை காலைத் தூக்க வராது. அப்படி ஏதாவது நடந்தால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது வேறு. நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது, ஆனால் எனக்குச் சந்தேகம் உங்கள் முழங்கை மேல்தான். ஓட்டும்போது வலது முழங்கையை ஜன்னல் விளிம்பில் ஊன்றிக்கொள்ளும் பழக்கம் உண்டா?

முழங்கையில் எங்காவது இடித்துக்கொண்டால் ஷாக் அடித்த மாதிரி சுண்டுவிரல் வரை சுரீர் என்று ஓடுமே, அங்கே அடிபடுவது எலும்பு அல்ல, அல்னார் என்ற நரம்பு. கழுத்திலிருந்து புறப்பட்டு, முழங்கையின் உள்பக்க எலும்பு முனைக்குப் பின்னால் ஒரு பள்ளத்தின் வழியே கைக்குப் போகிறது. அந்த இடத்தில் அதற்குத் தசைப் பாதுகாப்பு கிடையாது. தோல், அடியில் நரம்பு, அதற்கும் அடியில் எலும்பு, அவ்வளவுதான். முழங்கையை மடக்கினால் அந்தப் பாதை குறுகும், நரம்பும் இழுபடும். பகலெல்லாம் ஜன்னலில் ஊன்றி, ராத்திரி கையை மடக்கித் தலைக்கு வைத்துத் தூங்கினால் அதற்கு ஓய்வே இல்லை.

மணிக்கட்டு பெல்ட் ஏன் பலன் தரவில்லை என்பதும் இதில் இருக்கிறது. அந்த பெல்ட் பெரும்பாலும் மீடியன் என்ற இன்னொரு நரம்புக்கானது. மணிக்கட்டின் நடுவில் 9 தசைநாண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு ஒரு குகைக்குள் போவது அதுதான். அது நசுங்கினால் மரத்துப்போவது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் நடுவிரல் பக்கத்துப் பாதி. சுண்டுவிரல் அதன் கணக்கில் வராது.

மோதிர விரலில் பாதி என்றேன் இல்லையா, அதைத்தான் நீங்களே சோதித்துப் பார்க்கச் சொல்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு, மோதிர விரலின் இரண்டு பக்கத்தையும் பஞ்சால் யாராவது மெல்லத் தொடட்டும். சுண்டுவிரலைப் பார்த்த பக்கம் மந்தமாகவும், நடுவிரலைப் பார்த்த பக்கம் சரியாகவும் இருந்தால் கோளாறு அல்னார் நரம்பில்தான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கழுத்தில் நரம்பு வேர் அழுந்தினால் ஒரே விரல் இப்படி நட்டநடுவே பிரியாது. அப்புறம், மணிக்கட்டைத் தாண்டி முன்கையின் உள்பக்கமும் மரத்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தோலுக்கு உணர்வு தருவது வேறு நரம்பு; அங்கேயும் மரத்திருந்தால் கழுத்தைச் சந்தேகிக்க வேண்டியதுதான். புறங்கையில் சுண்டுவிரல் பக்கத்துக்கான கிளை மணிக்கட்டுக்குச் சில சென்டிமீட்டர் முன்னாலேயே பிரிந்துவிடுகிறது. அங்கே மரத்திருந்தால் அடைப்பு மணிக்கட்டில் இல்லை, அதற்கு மேலேதான்.

உங்கள் கடிதத்தில் மரப்பைவிட என்னை உறுத்தியது சாவி. விரல்களுக்குள் தசையே கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. மடக்கி நீட்டும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அங்கே இடது கையை வைத்துக்கொண்டு வலது விரல்களை மடக்கினால் புடைப்பது தெரியும். நுணுக்கமான வேலைக்கு உள்ளங்கையில் சின்னச் சின்னத் தசைகள் உண்டு, அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அல்னார்தான் நரம்பு. கட்டைவிரலை ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் அழுத்திச் சாவியைப் பிடிக்கிறோமே, அதுவும் அவற்றின் வேலை. ஒரு தாளை அப்படி இரண்டு கையாலும் பிடித்து ஆளுக்கொரு பக்கம் இழுப்பது போல இழுத்துப் பாருங்கள். வலது கட்டைவிரலின் நுனி மட்டும் மடங்கினால் அந்தத் தசை தளர்ந்துவிட்டது, வேறொரு தசை அதற்குப் பதில் வேலை பார்க்கிறது என்று அர்த்தம். புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள மேடு இடது கையைவிடக் குழி விழுந்திருந்தால் இன்னும் தாமதிக்கக் கூடாது.

நம் ஊரில் இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. தொழுநோய் அதிகமாகத் தாக்கும் நரம்புகளில் இதுவும் ஒன்று. உடம்பில் எங்காவது வெளிறிய, உணர்ச்சியில்லாத தேமல் இருந்தாலோ, முழங்கைப் பின்பக்கம் நரம்பு கயிறு மாதிரி தடித்திருந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டு மருந்து இலவசம், முழுக்கக் குணமாகும். அந்தக் காலத்தில் இதனால் விரல்கள் மடங்கிப் போனவர்களுக்குத் தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தி 1940-களின் கடைசியிலேயே வேலூர் சி.எம்.சி.யில் கையை மீட்டுக் கொடுத்தவர் டாக்டர் பால் பிராண்ட்.

இனி செய்ய வேண்டியது. ஜன்னலில் கை ஊன்றுவதை இன்றோடு நிறுத்துங்கள். போனையும் அந்தக் கையால் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேச வேண்டாம். படுக்கும்போது ஒரு குளியல் துண்டை முழங்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டுங்கள். கை முழுதாக மடங்காமல் இருந்தால் போதும், இறுக்க வேண்டாம். மரத்துப்போதல் மட்டும் இருந்திருந்தால் இதோடு சில வாரம் பார்க்கலாம் என்றிருப்பேன். பிடி தளர்ந்துவிட்டதால் காத்திருக்காமல் இந்த வாரமே நரம்பியல் அல்லது எலும்பு முறிவு மருத்துவரைப் பாருங்கள். நரம்பு கடத்தல் பரிசோதனையில் எந்த இடத்தில் வேகம் குறைகிறது என்று தெரிந்துவிடும். சர்க்கரை இல்லை என்கிறீர்கள், கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? ரத்தத்தில் அதையும் பி12, தைராய்டையும் பார்த்துவிடுவது நல்லது.

"நரம்பு ஊசி", "நரம்பு மாத்திரை" என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். பி12 குறைவாக இருந்தால் அது வேண்டும். எலும்பில் நசுங்கும் நரம்பை எந்த வைட்டமினும் விடுவிக்காது. பி6-ஐ அதிக அளவில் வெகுநாள் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

நசுக்கம் அதிகம் என்று தெரிந்தால், நரம்பின் மேல் உள்ள இறுக்கமான பட்டையை வெட்டி விடும் அறுவை சிகிச்சை உண்டு. தேவைப்பட்டால் நரம்பையே முழங்கையின் முன்பக்கம் நகர்த்தி வைப்பார்கள். செய்த மறுநாளே சாவி திரும்பிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். உள்ளே இழைகள் சேதமாகியிருந்தால் அவை நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும், முழங்கையிலிருந்து உள்ளங்கைக்கு வந்து சேர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகலாம். ரொம்ப நாள் நரம்பில்லாமல் கிடந்த தசை அதற்குள் சுருங்கிவிட்டால் பழைய பலம் வராது. நான் அவசரப்படுத்துவது அதனால்தான். டாக்டரிடம் போகும்போது விரல் மரத்துப்போவதை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். சாவி திருப்ப முடியவில்லை என்பதை முதலில் சொல்லுங்கள்.