டூட்டி சார்ட்டைக் கொண்டாங்க: அண்ணாச்சி பதில்கள்

திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் மாற்றுத்திறனாளிகளைப் பாத்துக்கிடுத வேலையில இருக்கிறவங்க, கொரோனா மனசுல விட்டுட்டுப் போனதைப் பத்திக் கேட்டது இது. மனநலப் பிரிவுல ரொம்ப வருஷம் வேலை பாத்தவன்ங்கிற முறையில பதில் சொல்லுதேன். ஊர் மட்டும் போட்டிருக்கேன், பேர் வேண்டாம்.

அம்பாசமுத்திரம், இல்லத்து ஆயா: 2020 ஊரடங்குல பதினாலு நாள் உள்ளேயே டூட்டி. மகளை கேட்டுக்கு வெளிய நிப்பாட்டித்தான் பாத்தேன். இப்பவும் இரும்பு கேட்டைப் பூட்டுத சத்தம் கேட்டா நெஞ்சு படபடங்குது. கோட்டி புடிச்சிருமோ அண்ணாச்சி?

கோட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல தாயி. அந்தச் சத்தம் கேட்டா பிள்ளையைப் பிரியணும்னு உடம்பு படிச்சு வச்சிருக்கு. மாத்திப் படிக்க வைப்போம். சாவியை நீங்களே வாங்கிக்கிடுங்க. பகல்ல, மக பக்கத்துல நிக்கையில, பூட்டுங்க, திறங்க. படபடப்பு வந்தா ஓடிராம அடங்குற வரைக்கும் அங்கேயே நில்லுங்க. சில வாரம் பாத்தும் குறையலன்னா, கெட்ட கனவும் சேந்து வந்தா, டாக்டர்கிட்ட போயிருங்க.

பாளையங்கோட்டை, சிறப்பாசிரியை: மூளை முடக்குவாதம் உள்ள பையன். நான் 'ஆ'ன்னு வாயைத் திறந்து காட்டினாத்தான் அவன் திறப்பான். மாஸ்க் போட்டா கேப்பைக்கூழ் கரண்டி அப்படியே நிக்கும். இறக்கிட்டுத்தான் ஊட்டினேன். ஒரு வாரத்துல அவனுக்குக் காய்ச்சல். என்னாலதானோ?

எங்கிருந்து வந்துச்சுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால 'உங்களால இல்ல'ன்னு பொய்யா ஆறுதல் சொல்ல மாட்டேன். ஆனா போட்டா பட்டினி, இறக்கினா நோய்னு உங்களை நடுவுல நிறுத்தினது யாரு? வாய் தெரியுற மாஸ்க் ஒண்ணு வாங்கித் தர ஆளில்ல. உதட்டைப் பாத்துப் பேச்சைப் பிடிக்கிற காது கேளாத பிள்ளைகளும் இதே பாடுதான் பட்டாங்க, காது கேளாதோர் பள்ளிக்கூடம் இருக்கிற உங்க ஊருக்கு அது தெரியாததா. ஒரு தாள் எடுங்க. அன்னைக்கு உங்களுக்குத் தெரிஞ்சது என்ன, கையில இருந்தது என்ன, அதை மட்டும் எழுதுங்க. பிற்பாடு தெரிஞ்சதை அதுல சேக்காதீங்க. எழுதினதை ஒரு வாரம் கழிச்சுப் படிங்க.

வள்ளியூர்: தூக்கத்துக்கு ஒரு கட்டிங் போடுதேன். தப்பா?

படுத்ததும் தூங்கிருவீங்க, ரெண்டு மூணு மணிக்கு முழிப்புத் தட்டிரும். தினமும் நிறையக் குடிக்கிறவரா ஆகியிருந்தா சட்டுனு நிறுத்தாதீங்க, வலிப்பு வரலாம். டாக்டர்கிட்ட சொல்லிட்டு நிறுத்துங்க.

தென்காசி, இல்ல நிர்வாகி: பணியாளர்களுக்கு யோகா வகுப்பு வச்சோம், சேவைக்குச் சான்றிதழ் கொடுத்தோம். ஆனாலும் ஆள் நிக்க மாட்டேங்குது.

யோகா எத்தனை மணிக்கு? நைட் டூட்டி முடிஞ்ச கையோடயா? முதல்ல டூட்டி சார்ட்டைக் கொண்டாங்க. நான் பாத்த சார்ட்டுல எல்லாம் பன்னிரண்டு மணி நேரம். எழுபது கிலோ ஆளை ஒருத்தியே தூக்கிக் கக்கூஸுக்குக் கொண்டு போகணும். ஒருத்தி வரலன்னா இன்னொருத்திக்கு டபுள். 'சேவை'ங்கிற வார்த்தையே எனக்குக் கொஞ்சம் அலர்ஜி. அதைச் சொல்லிட்டா லீவு கேக்க வாய் வராது, சம்பளம் கேக்க வாய் வராது. வேலைன்னு சொல்லுங்க. உலக சுகாதார நிறுவனம் 2019-ல பணிச்சோர்வை நோய்னு சொல்லல, வேலையிடத்தோட விஷயம்னுதான் சொல்லிச்சு. வாரம் ஒரு நாள் முழு ஓய்வு, தூக்குறதுக்கு ரெண்டு பேரு, காய்ச்சல்னா சம்பளத்தோட லீவு. கொரோனா சமயத்துல காய்ச்சலை மறைச்சு டூட்டிக்கு வந்தவங்க பல பேரு எங்கிட்ட அழுதிருக்காங்க. கூலி போயிருமேங்கிற பயம், வேறென்ன. இதைச் செஞ்சிட்டு யோகா வைங்க, நானும் வாரேன்.

மேலப்பாளையம், தாய்: மகனுக்குத் தண்டுவடத்துல அடி. படுக்கைப்புண் வராம ரெண்டு மணிக்கொருக்கத் திருப்பணும். நான் சம்பளக்காரி இல்ல, கேக்கலாமா?

கேக்கணும். உங்களுது சார்ட்டே இல்லாத டூட்டி. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் நீங்க, அதுக்கு மேல உங்க வீட்டுக்காரரு. 'அவருக்குத் திருப்பத் தெரியாது'ம்பீங்க. ரெண்டு நாள் கூட நின்னு காட்டிக் குடுங்க, மூணாம் நாள் வேற ரூம்ல போய்ப் படுங்க.

களக்காடு: 2021 மே மாசம், நான் பாத்துக்கிட்ட தாத்தா போயிட்டாவ. மூஞ்சியைக்கூட காட்டல. நான் சொந்தக்காரி இல்லியே, எங்கிட்ட யாரும் துட்டி கேக்கல, துக்கம் விசாரிக்கல.

குளிப்பாட்டின கைக்கும் துட்டி உண்டும்மா. அவரு வீட்டுக்கு ஒரு தடவை போயிட்டு வாங்க. இத்தனை வருஷம் கழிச்சுப் போனாலும் அது துட்டிதான். மனசு வரலன்னா ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்துல ஒரு முங்கு போட்டுட்டு வாங்க. நான் இப்பக் கேக்கேன்: தாத்தா டீயை எப்படிக் குடிப்பாரு? சீனி எத்தனை? எழுதி அனுப்புங்க.

பேட்டை: மனநல டாக்டர்கிட்ட போனது தெரிஞ்சா வேலை போயிருமோ?

2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்க விவரத்தை ரகசியமா வைக்கணும். நேர்ல போகக் கூச்சமா இருந்தா 14416-க்கு, அரசாங்கத்தோட டெலி-மானஸ் மனநல உதவி எண்ணுக்கு, போனைப் போடுங்க. எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. செத்துரலாம்னு தோணுச்சுன்னா மட்டும் விடியட்டும்னு தள்ளாதீங்க, அப்பவே போடுங்க. பக்கத்துல யாரையாவது உக்கார வச்சுக்கிடுங்க. இல்ல, நேர்லயே பாத்திருதேன்னா பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரி. ஓபி காலையிலதான். வெறும் வயித்தோட வராதீங்க, வரிசை நீளம்.